கால் அங்குலம் நீண்ட வாட்டர் பம்ப்

1983ஆம் ஆண்டு ஜூலை 16, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். இதை நினைவிலிருந்து எழுதவில்லை. குறிப்பேட்டைப் பார்த்து எழுதுகிறேன். நாற்பது பக்க நோட்டு. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் மூன்று கட்டங்கள்: நேரம், எண்ணெய் அழுத்தம், தண்ணீரின் வெப்பம். அண்ணன் வண்டியை ஓட்டுவான். நான் பக்கத்து இருக்கையில் அமர்ந்து முகப்புப் பலகையின் முட்களைப் பார்த்து எழுதுவேன். கூரையில்லாத வண்டியாதலால் தாள் காற்றில் புரளாதபடி இடது உள்ளங்கையால் அழுத்திக்கொள்ள வேண்டும்.

அந்த நோட்டில் அந்த ஒரு வரி மட்டும் கோணலாக இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போதே வண்டியின் முன்புறத்தில் இரும்பு அரைபடும் ஓசை எழுந்தது. வெப்ப முள் கடைசிக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. எஞ்சின் மூடியின் இடுக்குகளிலிருந்து ஆவி வந்து எங்கள் முகத்தில் படிந்தது. மல்லூரைத் தாண்டியிருந்தோம். சாலையின் இருபுறமும் மழை காணாத மரவள்ளிக் காடு.

அண்ணன் எஞ்சினை நிறுத்தினான். இறங்கி, மூடியைத் திறந்து, எதையும் தொடாமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

“வாட்டர் பம்ப் போச்சு, அம்மிணி,” என்றான்.

அப்பாவின் லாரி சேலத்திலிருந்து திரும்பி வந்து எங்களைக் கயிறு கட்டி இழுத்துப்போக இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவன் வேறெதுவும் பேசவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. வண்டியை எண்ணி அல்ல.

பயத்தின் காரணத்தைச் சொல்ல வேண்டும். அண்ணன் கோயம்புத்தூரில் பொறியியல் படித்தவன். கடைசித் தேர்வுக்கு நான்கு மாதம் இருக்கையில் ஒரு பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டான். ஏன் என்று சொல்லவில்லை. அவனுக்கே தெரிந்திருக்குமா என்பது இன்றும் எனக்கு ஐயம். கிழக்கு அறைக்குள் போய்ப் படுத்தவன் பதினோரு மாதம் அங்கேயே இருந்தான். தட்டை வைத்தால் சாப்பிடுவான். குளிக்கச் சொன்னால் குளிப்பான். கேட்டதற்கு மறுமொழி வராது. சேலத்து டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். உறவினர்கள் கோயில்களின் பெயரைச் சொன்னார்கள். அம்மா இரண்டையும் விடாமல் செய்தாள்.

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் மஞ்சளும் மரவள்ளியும் விளைகிற நிலம் எங்களுடையது. அப்பாவுக்கு இரண்டு லாரிகளும் இருந்தன. ஏற்காட்டில் யாரோ ஒருவர் காப்பித் தோட்டத்தைக் காலிசெய்தபோது, அங்கே மரம் ஏற்றப் போன லாரியில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு காரும் ஏறி வந்தது. ஐம்பதுகளில் இங்கிலாந்தில் செய்த, இரண்டே இருக்கைகள் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார். பச்சை நிறமாக இருந்திருக்கலாம். இருக்கைகளைக் கோழிகள் தம்முடையதாக்கிக் கொண்டிருந்தன. அதைக் களத்தில் இறக்கும் ஓசை கேட்டு அண்ணன் வெளியே வந்தான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான்.

“இதோட ஸ்டெப்னி எங்கீங்கப்பா?” என்று கேட்டான்.

பதினோரு மாதத்தில் அவனாகக் கேட்ட முதல் கேள்வி அது. அன்றைக்கே அப்பா லாரியை மறுபடியும் மலைமேல் அனுப்பினார், ஒரு சக்கரத்துக்காக.

அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் அண்ணன் அந்த வண்டியோடு இருந்தான். கழற்றிய ஒவ்வொரு திருகாணியும் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போயிற்று; டப்பாக்களின் மேல் ஒட்டிய சீட்டுகள் என் கையெழுத்தில் இருந்தன. அவனுக்கு ஒரே ஒரு விதி உண்டு. வண்டியில் எதையும் அறுக்கக் கூடாது. புதிதாகத் துளை போடக் கூடாது. அது எப்படிச் செய்யப்பட்டதோ அப்படியே நிற்க வேண்டும். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “இதுலயாவது ஒண்ணு சரியா இருக்கட்டுமே,” என்றான்.

அம்மா என்னிடம் அடுப்பங்கரையில் சொன்னாள்: “அந்த வண்டி ஓடுற மட்டுக்கும் இவனும் ஓடுவான் அம்மிணி. அது நின்னுபோச்சுன்னா இவனும் நின்னுபோவான். நீ கூடவே இரு.”

நான் கூடவே இருந்தேன். கூடவே இருப்பது எனக்கு எளிது; பேசுவதுதான் கடினம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவன் பம்பைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தான். இரண்டு உள்ளங்கை அளவுள்ள வார்ப்பிரும்பு. அதன் கழுத்து வழியாக ஒரு தண்டு போகிறது. தண்டின் முன்முனையில் பெல்ட் ஓடும் சக்கரமும் விசிறியும், பின்முனையில் தண்ணீரைத் தள்ளும் இதழ்கள். தண்டைத் தாங்கும் பேரிங் உடைந்து, தண்ணீர் கசிந்திருந்தது. பக்கத்தில் ஏற்காட்டிலிருந்து வண்டியோடு வந்த கையேடு திறந்து கிடந்தது.

“இந்த எஞ்சினும் நம்மூர் டாக்சி எஞ்சினும் ஒண்ணுதான் அம்மிணி. ஒரு வயித்துல பொறந்த மாதிரி. ஆனா பம்ப் மட்டும் வேற. டாக்சிக்குக் கழுத்து கால் அங்குலம் நீளம். அதை இதுல மாட்டுனா பெல்ட் கோணையா ஓடும். விசிறி ரேடியேட்டர்ல இடிக்கும்.”

தொடர்ந்து இவ்வளவு பேசினானே என்று எனக்குச் சற்று நிம்மதியாயிற்று. ஒரு சீட்டில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தான். முதல் வரி: கழுத்து நீளம் இந்த மாதிரியில் உள்ளபடியே இருக்க வேண்டும். இரண்டாம் வரி: கிடைக்காவிட்டால் இந்தப் பழைய பம்பையே புதுப்பித்துத் தர வேண்டும்.

அவனால் சேலத்துக் கடைவீதிக்கு வர முடியாது. ஒருமுறை வந்தவன், கும்பலைப் பார்த்து வழியிலேயே உட்கார்ந்துவிட்டான். எனக்கோ அங்கே கல்லூரி, தமிழ் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. நாள்தோறும் பஸ்ஸில் போய் வருகிறவள். ஆகவே பம்பைத் துணிப்பையில் சுற்றி நான் கொண்டுபோனேன்.

திங்கட்கிழமை வகுப்பு முடிந்து உதிரிபாகக் கடைகள் உள்ள சந்துக்குப் போனபோது மணி நான்கு இருபது. எல்லோரும் ‘பாய்’ என்றழைக்கும் அந்தக் கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும்; வெள்ளைத் தொப்பியின் ஓரத்தில் கிரீஸ் விரல் பட்ட கறை. கடை முன்னால் லாரிக்காரர்களும் டிராக்டர்காரர்களுமாகப் பத்துப் பேர். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள். பேச்சு நின்றதே எனக்குப் போதுமானதாக இருந்தது, நாக்கு ஒட்டிக்கொண்டது.

“என்ன தாயி?”

பம்பை மேசைமேல் வைத்துச் சீட்டை நீட்டினேன். அவர் சீட்டை விட்டுவிட்டுப் பம்பை எடுத்துத் திருப்பினார்.

“சீட்டெல்லாம் எதுக்கும்மா? சாம்பிள் கையில இருக்கே. டாக்சி பம்புதானே?”

“டாக்சி இல்லீங்க. ஸ்போர்ட்ஸ் கார்.”

பின்னாலிருந்து ஒரு குரல்: “ஏனுங்க பாய், சினிமாக்காரங்க வண்டியாட்டிருக்குது. ஹீரோ வரலீங்களா அம்மிணி?”

“ஹீரோ ரோட்டுல தள்ளிக்கிட்டு நிக்கறாரு. பம்பு போச்சில்ல?” என்றார் இன்னொருவர். சிரிப்பு எழுந்தது.

“சும்மா இருங்கப்பா. படிக்கற புள்ள,” என்று பாய் அதட்டினார். அவரே பரண்மேல் கைவிட்டு, வெள்ளி வண்ணம் பூசிய ஒரு பம்பை எடுத்து எங்களுடையதன் பக்கத்தில் வைத்தார். “பாரு தாயி. நாலு ஓட்டையும் ஒண்ணுமேல ஒண்ணு உக்காருது. கண்ணை மூடிக்கிட்டு மாட்டலாம்.”

என்னுடைய பேனாப் பெட்டியில் ஆறங்குல அளவுகோல் இருந்தது. எடுத்து வைத்து அளந்தேன். புதியதன் கழுத்து கால் அங்குலம் நீளம்.

“நீளம் கொஞ்சம் அதிகமா இருக்குதுங்க.” என் காதுக்கே சரியாக விழாத குரலில்தான் சொன்னேன்.

“எவ்வளவு?”

“கால் அங்குலம்.”

“கால் அங்குலமா!” என்று அவர் உண்மையாகவே வியந்தார். “லாரி ஓடுற ஊருல கால் அங்குலத்துக்கு யாரும்மா கவலைப்படுவா? ஒரு வாஷர் போட்டா முடிஞ்சுது.”

“அடிக்குச்சி வெச்சு அளக்குது பாருங்க, டீச்சரம்மா,” என்றது பின்னாலிருந்த அதே குரல். “எங்க லோடு நிக்குதுங்க பாய். சட்டுனு உடுங்க.”

அளவுகோலைப் பெட்டிக்குள் வைத்தேன். கடை ஆள் எங்கள் பழைய பம்பை எடுத்து, பின்பக்கம் இருந்த குவியலின் மேல் எறிந்தார். இரும்பின்மேல் இரும்பு விழுந்த அந்த ஓசையை நான் நன்றாகக் கேட்டேன். புதுப்பித்த சாமானைக் கொடுத்தால் பழையதை வாங்கிக்கொள்வது அந்தத் தொழிலின் வழக்கம். அது எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாததால்தான் பேசாமல் வந்தேன் என்று எழுதினால் அது பொய். சீட்டு என் கைக்குள் இருந்தது. இரண்டாம் வரியைப் படித்துக் காட்டியிருந்தால் போதும். படிக்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து குறிப்பேட்டை விரித்து, தேதியையும் நேரத்தையும் போட்டு, ‘புதியது கால் அங்குலம் நீளம்’ என்று எழுதினேன். யாரிடமும் சொல்ல முடியாததைத் தாளில் தெளிவாக எழுதுவது என் பழக்கம்.

வீட்டில் அண்ணன் அளந்து பார்க்கக்கூட இல்லை. கையில் வாங்கியதுமே தெரிந்துகொண்டான்.

“இது நம்முளுது இல்ல, அம்மிணி.” கோபமில்லை. “பரவால்ல. பழசைக் குடு. அதையே சரிபண்ணிக்கலாம்.”

“பழசைக் கடையில எடுத்துக்கிட்டாங்கண்ணா.”

அவன் என்னைப் பார்த்தான். பிறகு புதிய பம்பை அலமாரியில் வைத்துவிட்டு, விளக்கை ஏற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துகொண்டான்.

செவ்வாய்க்கிழமை நான் முதல் வகுப்புக்கே போகாமல் கடைக்குப் போனேன். நடந்ததைக் கேட்டதும் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். “அட, ஒரு வார்த்தை திருப்பி வேணும்னு சொல்லியிருக்கக் கூடாதா தாயி?” மூன்று கடை தள்ளியிருந்த லேத்துப் பட்டறைக்கு அவரே அழைத்துப்போனார். அங்கேதான் பழைய பம்புகளுக்கு உயிர் கொடுக்கிறார்கள்.

லேத்துக்காரர் நினைவுகூர்ந்தார். “அந்தக் குட்டக் கழுத்தா? நேத்து சாயங்காலமே பேரிங்கு, சீலு எல்லாம் புதுசு போட்டு ஒரு டாக்சிக்கு ஏத்தியாச்சுங்களே. கழுத்து பத்தல. தடியா ஒரு வாஷரு வெச்சு ஒப்பேத்திட்டேன்.”

“எந்த டாக்சி?” என்றார் பாய்.

“கறுப்பு டாக்சிங்க. மஞ்சக் கூரை.”

“யோவ், சேலத்துல எந்த டாக்சிய்யா வேற மாதிரி இருக்கு?”

இப்படியாக, எங்கள் வண்டியின் பம்ப் எந்தக் குறையுமின்றி, யாரோ ஒருவருடைய டாக்சியில் சேலத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த டாக்சிக்கு உரியது எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது.

இதை நான் அண்ணனிடம் சொன்னேன். “ம்,” என்றான். அந்த வாரம் முழுவதும் அவனிடமிருந்து அந்த ஓரெழுத்துக்கு மேல் வரவில்லை. தட்டுகள் பாதிச் சோற்றோடு திரும்பி வந்தன. அம்மா தட்டுகளை எனக்குக் காட்டாமல் கழுவினாள்.

பொறுக்க முடியாதவர் அப்பாதான். ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை காலை, நாமக்கல்லிலிருந்து தம்முடைய லாரி மெக்கானிக்கை அழைத்து வந்தார். அண்ணன் மாத்திரை மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் எழுந்து வரும்போது வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. மெக்கானிக் அலமாரிப் பம்பை வைத்துப் பார்த்தார். விசிறி ரேடியேட்டரை முட்டியது.

“பம்பு நீளமா இருந்தா என்னுங்க? ரேடியேட்டரை முன்னால தள்ளிட்டாப் போச்சு,” என்றார். லாரிகளில் அப்படித்தான் செய்வார்கள். சாமான் வண்டிக்குப் பொருந்தாவிட்டால் வண்டியைச் சாமானுக்குப் பொருத்துவார்கள். அப்படிப் பொருத்திய லாரிகள்தாம் வட இந்தியா வரை போய் வருகின்றன. அவர் கெட்டிக்காரர். கைத் துரப்பணத்தை எடுத்துச் சட்டத்தில் புதிதாக இரண்டு துளைகள் போட்டார்.

நான் தூண் ஓரமாக நின்றிருந்தேன். “அண்ணன் எந்திரிச்சு வரட்டுங்கப்பா,” என்று ஒருமுறை சொன்னேன்.

“அவன் எந்திரிச்சு வாரப்ப வண்டி ஓடோணும் அம்மிணி,” என்றார் அப்பா. அவருடைய முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை நான் பார்த்து நெடுநாளாகியிருந்தது. இரண்டாம் முறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எஞ்சின் பிடித்தது. டைனமோவுக்கும் வாஷர் கொடுத்திருந்ததால் பெல்ட் கூட ஏறக்குறைய நேராகவே ஓடியது. அப்பா ஓட்டுநர் இருக்கையில் வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்து ஹாரனை அழுத்தினார். “சாமி! வா சாமி! வண்டி ஓடுது பாரு! வந்து ஓட்டு சாமி!”

அண்ணன் வந்தான். வண்டியின் முன்னால் குனிந்தான். பழைய துளைகள் காலியாக இருந்தன. அவற்றுக்கு முன்னால் புதிய துளைகளில் போல்ட்டுகள். காலியாக இருந்த துளை ஒன்றில் விரலை விட்டு எடுத்தான். விரலில் ஒட்டிய இரும்புத் தூளை லுங்கியில் துடைத்தான்.

“நல்லா இருக்குதுங்கப்பா,” என்றான். மெக்கானிக்கைப் பார்த்து, “டீ குடிச்சுட்டுப் போங்கண்ணா,” என்றான். பிறகு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவ்வளவு மரியாதையாக அவன் பேசியதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அப்பா எஞ்சினை நிறுத்தவில்லை. கதவு மீண்டும் திறக்கும் என்று எதிர்பார்த்து, ஓடுகிற வண்டிக்குள் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பருவத்தில் எங்களுக்கு ஏட்டுச்சுவடிகளின் பாடபேதம் பற்றிய வகுப்பு நடந்தது. ஒருவர் ஒரு சொல்லைப் பிழையாகப் படியெடுத்துவிட்டால், பின்னால் வருகிறவர் அந்தச் சொல்லைத் திருத்துவதில்லை. பொருள் ஓட வேண்டுமென்று பக்கத்திலுள்ள நல்ல சொற்களை அதற்கேற்ப மாற்றிவிடுகிறார் என்று ஆசிரியர் சொன்னார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நான் எழுதவில்லை.

சரியான பம்ப் வந்தால் ரேடியேட்டர் தன் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். இரண்டு துளைகள் எஞ்சும், அவற்றை அடைத்துவிடலாம். இப்படித்தான் நான் எனக்குள் கணக்கிட்டுக்கொண்டேன். லேத்துக்காரர் சொன்னதில் ஒன்று எனக்குப் பிடி கொடுத்தது: கழுத்து பத்தவில்லை. எங்களுக்கு நீளம் கூடியதால் பெல்ட் கோணினால், அந்த டாக்சிக்கு நீளம் குறைந்ததால் கோணும். குத்துமதிப்பான வாஷர் அதை முழுதாகச் சரிசெய்யாது. கோணிய பெல்ட், வண்டி கிளம்பும்போது கிறீச்சிடும்.

டாக்சிக்காரர்களிடம் போய்க் கேட்க எனக்குத் துணிவில்லை. காது கொடுத்துக் கேட்க முடியும். நாள்தோறும் மாலை நான்கிலிருந்து ஐந்தேகால் வரை, ஒரு நாள் ரயில் நிலையத்தின் முன்னால், மறுநாள் பஸ் நிலையத்தின் எதிரே, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வாசலில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல நின்று டாக்சிகள் கிளம்பும் ஓசையைக் கேட்டேன். மூன்று வாரம் அப்படி நின்றேன். ஆடிக் காற்று புழுதியை வாரி வாயில் போட்டது. மழை இல்லை. தெருக்களில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் வேறு ஓயாமல் இரைந்தன.

ஆகஸ்ட் 12, வெள்ளிக்கிழமை, மாலை நான்கு ஐம்பது. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டாக்சி கிளம்பியது. நாயின் வாலை மிதித்தாற்போல ஒரு கீச்சொலி. ஓட்டுநர் உடனே நிறுத்தி இறங்கி, மூடியைத் திறந்து, “நாசமாப் போறதே!” என்றார்.

இனி வேறு யாரும் எனக்காகப் பேச முடியாது. அருகே போனேன்.

“உங்க வாட்டர் பம்ப் எங்களுதுங்க.”

இதைவிட நன்றாகத் தொடங்கியிருக்கலாம். அவர் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏனுங்க அம்மிணி, பம்பு மட்டுந்தான் உங்களுதா? இல்ல, வண்டியே உங்களுதுங்களா? பின்னால எம்பொண்டாட்டி தெச்ச சீட்டு உறை இருக்குது. அதை உட்டுட்டு மீதிய எடுத்துக்கங்க.”

பக்கத்து டாக்சிக்காரர் கதவின் மேல் சாய்ந்துகொண்டு, “குடுத்துரு மாமா. கேக்குதில்ல?” என்றார்.

முகம் எரிந்தது. ஆனாலும் நான் நிறுத்தவில்லை. “போன மாசம் பதினெட்டாந் தேதி பம்ப் மாட்டுனீங்க. வெள்ளிப் பெயிண்ட் அடிச்சது. அன்னையிலிருந்து பெல்ட் நிக்கறதில்ல. கழுத்து கால் அங்குலம் குட்டை. நடுவுல ஒரு தடி வாஷர் இருக்குது பாருங்க.”

அவர் குனிந்து பார்த்தார். சிரிப்புப் போய்விட்டது. “வாரத்துக்கு ஒரு பெல்ட் திங்குதுங்க,” என்றார் மெதுவாக. “நாலு மெக்கானிக்குகிட்டக் காட்டிட்டேன். டைனமோங்கறான் ஒருத்தன், என் கெட்ட நேரங்கறான் ஒருத்தன். ஆருமே வாஷரைச் சொல்லலீங்க. ஏறுங்க, போலாம்.”

பின் இருக்கையில், அவருடைய மனைவி தைத்த உறையின் மேல் உட்கார்ந்து, கீச்சிட்டுக்கொண்டே கடைக்குப் போனோம். பாய் தம் தவறு என்று சொல்லி டாக்சிக்கு உரிய வேறொரு பம்பைப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார். லேத்துக்காரர் எங்களுடையதைக் கழற்றித் துடைத்து என் கையில் வைத்தார். நான் அளவுகோலை எடுத்தேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சரியாக இருந்தது. புதிய பேரிங், புதிய சீல், பழைய கழுத்து. முதல் நாளே அந்த இரண்டாம் வரியைப் படித்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய அதே பொருள்.

வீடு சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். துணிப்பையைப் பிரித்து அவன் பக்கத்தில் வைத்தேன். அவன் எழுந்து உட்கார்ந்தான். பம்பைக் கையில் வாங்கினான். தண்டைச் சுழற்றினான், அது ஓசையில்லாமல் சுழன்றது. கட்டைவிரலால் கழுத்தை ஒருமுறை தடவினான்.

“இதுதான்,” என்றான்.

நான் காத்திருந்தேன். அவன் அதை ஜன்னல் கட்டையின் மேல் வைத்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டான்.

“அண்ணா, ரேடியேட்டரைப் பழைய எடத்துக்கே தள்ளிரலாம். துளைய அடைச்சுப்போடலாம்.”

“ம்.”

“நாளைக்குச் சனிக்கிழமை. எனக்குக் காலேஜ் இல்ல.”

“பம்ப் சரியாத்தான் இருக்குது அம்மிணி. எனக்குத்தான் எந்திரிக்க முடியல.”

அப்போதுதான் சொன்னேன். நான்கு வாரமாகச் சொல்லாததைச் சொன்னேன். “கடையில அன்னைக்கே நான் அளந்து பார்த்தேன். நீளம்னு தெரிஞ்சுதான் வாங்கிட்டு வந்தேன். எல்லாரும் நின்னுக்கிட்டு இருந்தாங்க. என்னால சத்தமாச் சொல்ல முடியல.”

அவன் சுவரைப் பார்த்தபடியே சொன்னான்: “தெரியும். நோட்டுல எழுதியிருந்தியே. அன்னைக்கு நீ குளிக்கப் போனப்பவே படிச்சுட்டேன்.”

குற்றம் சாட்டும் தொனியே அதில் இல்லை. அவனால் கடைவீதியில் நிற்க முடியாதது போல என்னால் பேச முடியவில்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அவன் கேட்கவே இல்லை. நாங்கள் இருவரும் ஒரே வீட்டில், ஒருவர் அறிந்ததை மற்றவர் அறிந்தும், நான்கு வாரம் பேசாமல் இருந்திருக்கிறோம். அம்மா தட்டோடு வந்து வாசலிலேயே நின்றாள். ஜன்னல் கட்டையின் மேலிருந்த பம்பைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். தட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு நான் அவன் அறைக்குள் சென்று பம்பை எடுத்துக்கொண்டேன். அவன் கண் மூடியிருந்தது. தூக்கமா என்று தெரியவில்லை. கொட்டகைக்குப் போய், வண்டியின் மேல் போட்டிருந்த தார்ப்பாயை மடித்து வைத்தேன். இரண்டு ஆண்டு பக்கத்தில் நின்று பார்த்தவளுக்கு வரிசை தெரியும். கிணறு வற்றியிருந்ததால் ரேடியேட்டர் தண்ணீரை வீணாக்க மனமின்றி அண்டாவில் பிடித்தேன். பெல்ட்டைக் கழற்றினேன், விசிறியை, சக்கரத்தை, நீண்ட பம்பின் நான்கு போல்ட்டுகளை வரிசையாகக் கழற்றி, திருகாணிகளை என் கையெழுத்துச் சீட்டு ஒட்டிய டப்பாவில் போட்டேன். ரேடியேட்டரைப் பின்னுக்குத் தள்ளியபோது போல்ட்டுகள் தங்கள் பழைய துளைகளில் தாமாகவே இறங்கின. எங்கள் பம்பை வைத்து, ஒன்று மாற்றி ஒன்றாக எதிரெதிர் போல்ட்டுகளை இறுக்கினேன். அப்பா ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தார். புதிய துளைகள் இரண்டும் இப்போது வெறுமையாகத் தெரிந்தன. அவர் அவற்றைப் பார்த்துவிட்டு, அண்டாவைத் தூக்கித் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்ற உதவினார்.

அரை மணி நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டும் கசியவில்லை. பெல்ட் நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. கிழக்கு அறையின் ஜன்னல் சாத்தியே இருந்தது. சாவி வண்டியிலேயே இருந்தது. அதை நான் திருப்பவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தேன். ஜூலை 16இன் கோணல் வரிக்கும் ‘கால் அங்குலம் நீளம்’ என்ற குறிப்புக்கும் கீழே அன்றைய தேதியை எழுதினேன். நேரம் என்ற கட்டத்தில் ஒன்பது பத்து என்று எழுதினேன். மற்ற இரண்டு கட்டங்களையும் வெறுமையாக விட்டேன்.